ஆசியர் மீதான வெறுப்பும் துப்பாக்கியும்: தமிழ்ப் பள்ளி வராந்தாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் ஞாயிறுதோறும் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் உள்ளே ழகரத்தோடு மல்லுக்கட்டும் இரண்டு மணி நேரமும் பெற்றோர் வராந்தாவில் காபியோடு நின்று பேசுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி மறுபடி நேரில் திறந்ததிலிருந்து அந்தப் பேச்சில் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல, கணக்காளர். சில கேள்விகள் எனக்குப் பிடிக்காதவை. ஆனாலும் கேட்டவர் கேட்ட தொனியிலேயே வைத்திருக்கிறேன்.

1. ஆசியர்கள் என்றால் சீனர்களும் கொரியர்களும்தானே? நாம் எப்படி அதில் சேருவோம்?

அரசுக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறோம். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980-இல்தான் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. 2020 கணக்கெடுப்பில் ஆசியர் என்று குறித்துக்கொண்ட ஏறத்தாழ 2.4 கோடிப் பேரில் இந்திய வம்சாவளியினர் மட்டும் 40 லட்சத்துக்கு மேல். இலங்கைத் தமிழரும் அந்த 'ஆசியர்' தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள்.

கணக்கெடுப்பை விடுங்கள், கொல்ல வருகிறவன் படிவத்தைப் பார்த்துவிட்டு வருவதில்லை. 1982-இல் டெட்ராய்ட் பகுதியில் ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்று கறுவிக்கொண்டிருந்த இருவர் வின்சென்ட் சின் என்ற இளைஞரை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் சீன வம்சாவளி. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், தன் பெட்ரோல் நிலையத்தின் முன் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோதியைத் தலைப்பாகையைப் பார்த்துச் சுட்டான் ஒருவன். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பழி தீர்ப்பதாக அவன் எண்ணம்; இறந்தவர் சீக்கியர். 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தில், ஐதராபாத் பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவை 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்திச் சுட்டவன், அன்றிரவே இன்னொரு ஊர் உணவகத்தில் இரண்டு ஈரானியர்களைச் சுட்டுவிட்டதாகச் சொன்னான். மூன்றிலும் வெறுக்கப்பட்டவர் வேறு, செத்தவர் வேறு.

2. 2021-இல் நம் அட்லாண்டாவில் என்னதான் நடந்தது? அரைகுறையாகத்தான் தெரியும்.

மார்ச் 16, செவ்வாய்க்கிழமை. 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் செரோக்கி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) உள்ள ஒரு கடையில் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினான். அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் ஆக்வொர்த் அருகே ஒரு மசாஜ் நிலையத்தில் நான்கு பேரைக் கொன்றான். ஐந்தாமவர் காயத்தோடு பிழைத்தார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் காரோட்டி அட்லாண்டாவின் பீட்மாண்ட் சாலைக்கு வந்து, எதிரெதிரே இருந்த இரண்டு நிலையங்களில் இன்னும் நான்கு பெண்களைக் கொன்றான். மொத்தம் எட்டு உயிர்கள். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள், பெரும்பாலோர் நடுத்தர வயதைத் தாண்டி உழைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள்.

கண்காணிப்பு கேமரா படத்தைப் பார்த்த அவனுடைய பெற்றோரே காவல்துறைக்குத் தகவல் தந்தார்கள். கைப்பேசி இருக்கும் இடத்தை வைத்து, ஃபுளோரிடாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவனை வழியில் மடக்கினார்கள். இதில் என் மனத்தை விட்டுப் போகாதது வேறொன்று. ஆக்வொர்த்தில் இறந்த ஒரு பெண்ணின் கணவர் அடுத்த அறையில் இருந்தார். அவர் லத்தீன் இனத்தவர். அவரைச் சந்தேகப்பட்டுக் கைவிலங்கிட்டு மணிக்கணக்கில் போலீஸ் காரில் உட்கார வைத்தார்கள். மனைவி இறந்த செய்தி அவருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

3. அவன் தனக்குக் காமப் பித்து என்றுதானே சொன்னான்? அதில் இனவெறி எங்கே வந்தது?

வராந்தாவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இச்சையைத் தூண்டும் இடங்களை ஒழிக்க நினைத்ததாக அவன் சொன்னது உண்மை. அவனுக்கு அன்று மிக மோசமான நாளாக இருந்தது என்று ஷெரிஃப் அலுவலகத்தின் செய்தித் தொடர்பாளர் பேசி, நாடே கொதித்ததும் உண்மை. ஆனால், இச்சை என்றதும் அவன் ஏன் ஆசியப் பெண்கள் வேலை செய்யும் இடங்களைத் தேடிப் போனான்? ஆசியப் பெண் என்றாலே அந்த மாதிரி என்ற நினைப்பு அவன் கண்டுபிடித்ததல்ல. 1875-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பேஜ் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. விபசாரத்துக்காகப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதாக ஏட்டில் எழுதிவிட்டு, சீனப் பெண்கள் ஏறக்குறைய எவருமே நாட்டுக்குள் வர முடியாதபடி செய்தார்கள். இனமும் பாலும் ஒன்றாக முறுக்கிய கயிறு அது. ஒரு புரியை மட்டும் தனியே உருவிக் காட்டு என்றால் எப்படி?

ஒரே நாள், ஒரே ஆள், ஒரே துப்பாக்கி. இரண்டு கவுண்டிகள் அதை இரண்டு விதமாகப் படித்தன. செரோக்கி கவுண்டி அரசு வழக்கறிஞர் இனவெறிக்குச் சான்று இல்லை என்றார். 2021 ஜூலையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அங்கு பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனைகளும் கூடுதலாக 35 ஆண்டுகளும் பெற்றான். அட்லாண்டா அடங்கிய ஃபுல்டன் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸோ, இனமும் பாலும் காரணம் என்று வெறுப்புக் குற்றப் பிரிவைச் சேர்த்து, மரண தண்டனையும் கோரினார்.

4. இந்த வெறுப்பு கொரோனாவோடு வந்தது. கொரோனா போனதும் இதுவும் போயிருக்குமே?

கொரோனா அதைக் கிளறிவிட்டது. அதிகாரத்தில் இருந்தவர்களே 'சீன வைரஸ்' என்று மேடையில் சொன்னபோது தெருவில் இருப்பவனுக்குத் துணிச்சல் வந்தது. ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர் மீதான வெறுப்பைப் பதிவு செய்ய 2020 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற அமைப்பிடம் 2021 பிப்ரவரி முடிவதற்குள் 3,795 சம்பவங்கள் பதிவாயின. அவற்றில் பெரும்பகுதி வசைச்சொல். பத்தில் ஒன்று உடல் தாக்குதல். புகார் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள்.

ஆனால் இது கொரோனாவோடு பிறந்ததில்லை. 1871-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கும்பல் ஒன்று சீனர்களைத் தூக்கிலிட்டது. 1882-இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. 1907-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளை அடித்து ஊரை விட்டே விரட்டினார்கள். 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1987-இல் நியூஜெர்சியில் 'பொட்டு உடைப்பவர்கள்' என்ற பொருளில் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட கும்பல் ஒன்று, இந்தியர்களை ஜெர்சி சிட்டியிலிருந்து விரட்டுவோம் என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதியது. நாம் நெற்றியில் வைத்துக்கொள்ளும் பொட்டுதான்.

5. வெறுப்புக் குற்றம் என்று நிரூபிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

செய்ததை நிரூபித்தால் போதாது, நினைத்ததையும் நிரூபிக்க வேண்டும் என்பதால். முதல் பதிலில் சொன்ன கான்சாஸ் கொலையாளி வாயைத் திறந்து கத்தினான், சாட்சிகள் இருந்தார்கள். மத்திய அரசின் வெறுப்புக் குற்ற வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வாயைத் திறக்காதவன் தப்பித்துக்கொள்கிறான், குறைந்தபட்சம் அந்தப் பிரிவிலிருந்து.

அட்லாண்டா நடந்து ஒரு மாதத்தில், 2021 ஏப்ரல் 15 அன்று, இண்டியானாபோலிஸ் ஃபெடெக்ஸ் கிடங்கில் முன்னாள் ஊழியன் ஒருவன் எட்டுப் பேரைக் கொன்றான். நான்கு பேர் சீக்கியர்கள். அந்தக் கிடங்கில் சீக்கியர் நிறையப் பேர் வேலை செய்வது அவனுக்குத் தெரியும். அது இன வெறுப்பால் நடந்ததல்ல என்று எஃப்பிஐ முடிவு சொன்னது. சீக்கிய அமைப்புகள் அதை ஏற்கவில்லை. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் ஆதங்கம் வேறு. மனத்துக்குள் இருந்ததை ஆண்டுக்கணக்கில் அலசுகிறோம். கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிடுகிறது; அதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

6. சரி, கைக்கு எப்படி வந்தது? இங்கே துப்பாக்கி வாங்குவது அவ்வளவு எளிதா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் படிவம் நிரப்ப வேண்டும், வாங்கத் தடை உள்ளவர்களின் பெயர்கள் அடங்கிய எஃப்பிஐயின் கணினிப் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். உரிமம் இல்லாத தனிநபரிடம் வாங்கினால் மத்திய சட்டப்படி அந்தச் சோதனைகூடக் கட்டாயமில்லை. சில மாநிலங்கள் மட்டும் தாமாகக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் பணம் கட்டிவிட்டு 10 நாள் காத்திருக்க வேண்டும், ஹவாயில் 14 நாள். ஜார்ஜியாவில் காத்திருப்பே கிடையாது. அட்லாண்டா கொலையாளி மீது பழைய குற்றம் ஏதும் இல்லை, சோதனையில் தேறினான், துப்பாக்கியோடு வெளியே வந்தான். இந்த ஊரில் ஓட்டுநர் உரிமம் எடுக்க நான் அலைந்த அலைச்சல் அவனுக்கு இல்லை.

பட்டியலிலும் ஓட்டை உண்டு. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கரட்டடிபாளையத்தில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். சுட்ட மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005-இல் ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தகவல் பட்டியலில் ஏறவே இல்லை. இண்டியானாபோலிஸ் கிடங்கில் சுட்டவன் விஷயத்தில் இன்னொரு வகை ஓட்டை. தாயே பயந்துபோய்ச் சொன்னதால் 2020 மார்ச்சில் அவனுடைய துப்பாக்கியைக் காவல்துறை பறிமுதல் செய்தது. ஆபத்தானவர் புதிதாக வாங்க முடியாமல் தடுக்கும் 'சிவப்புக் கொடி'ச் சட்டம் அந்த மாநிலத்தில் இருந்தது. ஆனால் அரசுத் தரப்பு அந்த மனுவைத் தாக்கல் செய்யவில்லை. சில மாதங்களில் அவன் கடைக்குப் போய் முறைப்படி இரண்டு ரைஃபிள்கள் வாங்கினான்.

7. மான்டரே பார்க்கில் சுட்டவரே ஆசியர்தானே? அப்புறம் இதில் இனவெறி என்ன இருக்கிறது?

இல்லை, சுட்டவர் யாரென்று தெரிந்த பிறகு அதை யாரும் இனவெறி என்று சொல்லவில்லை. 2023 ஜனவரி 21, சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய அந்த ஊர் நடன அரங்கில் 72 வயது ஆசிய முதியவர் 11 பேரைக் கொன்றார். இரண்டு நாள் கழித்து ஹாஃப் மூன் பே காளான் பண்ணைகளில் 66 வயதுத் தொழிலாளி ஏழு பேரைக் கொன்றார். கலிஃபோர்னியாவின் கடுமையான சட்டங்களும் இவற்றைத் தடுக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் செய்தி வந்தவுடன் வெறுப்புத் தாக்குதல் என்று எங்கள் குழுவிலும் அவசரப்பட்டு எழுதினார்கள். சுட்டவரின் பெயர் வந்ததும், 'அப்பாடா, இது வேறு விஷயம்' என்று ஒருவர் எழுதினார். அந்த 'அப்பாடா' என்னை உறுத்தியது. வெறுப்பு ஒரு நோய், கைக்கெட்டும் துப்பாக்கி இன்னொன்று. இரண்டும் கூடும்போது அட்லாண்டா. இரண்டாவது மட்டும் இருந்தாலே மான்டரே பார்க். அதே இரவு அல்ஹாம்ப்ராவில் அவர் நுழைந்த இரண்டாவது நடன அரங்கில் பிராண்டன் சே என்ற 26 வயது இளைஞர் வெறுங்கையால் போராடித் துப்பாக்கியைப் பிடுங்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ.

8. கறுப்பினத்தவர்தானே நம்மவர்களை அடிக்கிறார்கள்? வீடியோக்களில் பார்க்கிறோமே.

வாட்ஸ்அப்பில் எந்த வீடியோ சுற்றும் என்பதை யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அட்லாண்டா, ஒலேத், 2012-இல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாரா: மூன்றிலும் சுட்டவர் வெள்ளையர். ஓக் கிரீக்கில் சுட்டவன் நவநாஜிக் கூட்டத்தில் ஊறியவன். அதற்காக வெள்ளையர் எல்லோரையும் சந்தேகப்படுகிறோமா? எஃப்பிஐ கணக்கில் ஆண்டுதோறும் இனக் காழ்ப்புக்கு அதிகம் ஆளாகிறவர்கள் கறுப்பின மக்கள்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பதிலில் ஃபுல்டன் கவுண்டி பயன்படுத்திய ஜார்ஜியா வெறுப்புக் குற்றச் சட்டம் 2020 ஜூனில் வந்தது. ஓட்டப் பயிற்சிக்குப் போன அகமது ஆர்பரி என்ற கறுப்பின இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு எழுந்த போராட்டத்தின் விளைவு அது. நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்குள் வரக் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் அவர்களுடைய சிவில் உரிமைப் போராட்டக் காலத்தின் பிள்ளைதான்.

9. பேசாமல் நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மத்திய சட்டப்படி குற்றம். இதைச் சொன்னதும் வராந்தாவில் இரண்டு பேர் முகம் மாறியது.

பச்சை அட்டை, குடியுரிமை உள்ளவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்காளராக ஒரு கணக்கு சொல்கிறேன். 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். வீட்டுக்குள் வரும் துப்பாக்கி திருடனைச் சந்திப்பதற்கு முன் வீட்டில் மனம் உடைந்திருக்கும் ஒருவரைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். மதிப்பெண் குறைந்ததற்கே சாப்பிடாமல் படுக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மனம் தளர்ந்தவர் யாராவது இருந்தால் 988 என்ற எண்ணை அழையுங்கள்.

10. இத்தனை பேர் செத்தும் எதுவும் மாறவில்லையே. போராடி என்ன பயன்?

மாறியிருக்கிறது, எல்லாத் திசையிலும். 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஆண்டே தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா இயற்றியது. அட்லாண்டாவுக்குப் பின், 2021 மே 20 அன்று, கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டம் கையெழுத்தானது. செனட்டில் 94 பேர் ஆதரவு, ஒருவர் மட்டும் எதிர்ப்பு. புகார் கொடுப்பதையும் பதிவு செய்வதையும் அது எளிதாக்குகிறது. துப்பாக்கி பற்றி அதில் ஒரு வரி இல்லை.

நம் ஜார்ஜியாவோ 2022 ஏப்ரலில் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. பீட்மாண்ட் சாலையில் வைத்த பூக்கள் காய்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

11. விசாவில் இருக்கும் நான் ஊர்வலத்துக்கெல்லாம் போகலாமா?

அமைதியாகக் கூடவும் பேசவும் அரசமைப்புத் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. ஆனால் 2025-இல் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர் சிலரின் விசா ரத்தானதைப் பார்த்தோம். ஆகவே பயப்படாதீர்கள் என்று நான் தைரியம் சொல்ல மாட்டேன். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள். தேர்தல் நிதி மட்டும் கொடுக்காதீர்கள், பச்சை அட்டை இல்லாதவருக்கு அது சட்டவிரோதம். ஊர்வலம் தவிரவும் வேலை உண்டு. எங்கள் பள்ளியில் ஓர் அம்மா கொரியத் தேவாலயத்துக்கு வாராவாரம் சாம்பார் சாதம் கொண்டு போனார். காரம் குறைக்கச் சொன்னார்களாம்.

12. ரயிலில் ஒருவரை இன்னொருவன் இனத்தைச் சொல்லித் திட்டினால் நான் என்ன செய்வது? எனக்குச் சண்டை போடத் தெரியாது.

சண்டை வேண்டாம். இதற்கென்றே இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நான் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றதில் எனக்குப் பிடித்தது திசைதிருப்புவது. திட்டுபவனை ஏறிட்டும் பார்க்காமல், திட்டு வாங்குபவரிடம் போய் 'இந்த ரயில் விமான நிலையம் போகுமா?' என்று கேட்டு அவர் பக்கத்தில் நின்றுவிடுவது. அது முடியாவிட்டால் வேறு யாரையாவது உதவிக்கு அழைக்கலாம், தள்ளி நின்று படம் பிடித்துப் பாதிக்கப்பட்டவரிடமே கொடுக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு 'நலமாக இருக்கிறீர்களா?' என்று கேட்பதும் உதவிதான். நேருக்கு நேர் தட்டிக்கேட்பது கடைசி வழி. அவனிடம் என்ன இருக்கிறதென்று ஆறாம் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

13. பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவில்லையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் முறை தொலைபேசியை எடுத்து, வேர்க்கடலை ஒவ்வாமை, நாய், நீச்சல் குளம் என்று எல்லாவற்றையும் சுற்றி வந்து, கடைசியில் 'வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருப்பீர்களா?' என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு அந்த அம்மா, இரண்டு இருக்கின்றன, ஒன்று பெட்டகத்தில், மற்றது கட்டிலருகே மேசை இழுப்பறையில் என்றார். அவரே ஒரு நொடி தயங்கி, 'அதையும் உள்ளே வைத்துவிடுகிறேன்' என்றார். எட்டு வயதுப் பிள்ளைகள் அந்த அறையில்தான் ஒளிந்து விளையாடுவார்கள். நாயைப் பற்றிக் கேட்பது போலக் கேளுங்கள். இதுவரை யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

14. ஊரில் இருக்கும் அம்மா ஒவ்வொரு செய்திக்கும் பதறுகிறார். என்ன சொல்வது?

என் அம்மா கும்பகோணத்தில் இருக்கிறாள். இங்கே எங்கே வெடித்தாலும் 'அது உங்கள் பக்கமா?' என்று அழைத்துவிடுவாள். நான் கிலோமீட்டர் கணக்குச் சொல்லிச் சமாளித்துவந்தேன்: டெக்சாஸ் 1,300, கலிஃபோர்னியா 3,500. 2021 மார்ச்சில் அந்தக் கணக்கு எடுபடவில்லை. பொய் சொல்லவும் வேண்டாம், எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம் என்பதுதான் நான் பழகிக்கொண்டது. பொட்டு வைத்துக்கொண்டா வெளியே போகிறாய் என்று கேட்டாள், ஆமாம் என்றேன். பிறகு, அந்தத் துப்பாக்கி விற்கிற கடை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்கிறதா என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வரைபடத்தில் பார்த்தேன். நாங்கள் இட்லி அரிசி வாங்கும் கடையை விடப் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.